பட்டில் பழுதென்றால் கூலிப் பிடித்தம்! குழந்தை நாற்காலியில் பழுதென்றால் தலைவிதியா?

போளூரை அடுத்த ஒரு கிராமத்தில் தறி நெய்யும் தோழர் ஒருவர் சில மாதங்களுக்கு முன்பு நமது சங்க அலுவலகத்துக்கு வந்தார். கூட மனைவியும் மூன்று வயது மகனும் வந்திருந்தார்கள். பையனின் வலது கையில் மாவுக்கட்டு. முன்பற்கள் இரண்டைக் காணோம். தாயின் கையில் ஒரு சாக்குப் பை.

நடந்தது இதுதான். மொபெட்டின் முன்பக்கம் மாட்டுகிற சிறிய இரும்பு நாற்காலி உண்டல்லவா? ‘பேபி சீட்டு’ என்று கேட்டால் கடையில் எடுத்துத் தருவார்கள். அதை 850 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறார். கடை ஆளே வண்டியில் மாட்டிக் கொடுத்திருக்கிறான். நாற்பது நாள் ஆகவில்லை. ஆரணிக்குப் போய்ப் பாவு வாங்கிக்கொண்டு திரும்பும்போது, வேகத்தடையில் வண்டி மெதுவாக ஏறி இறங்கியது. நாற்காலியைத் தாங்கிய கம்பி, பற்றவைத்த இடத்தில் விட்டுப் போயிற்று. பிள்ளை தார்ச்சாலையில் குப்புற விழுந்தான். பின்னால் பஸ் வரவில்லை. அதனால் பிள்ளை உயிரோடு இருக்கிறான்.

தகப்பன் கடைக்குப் போய்க் கேட்டார். “ரசீது இருக்குதா?” என்றார் கடைக்காரர். இல்லை. “சரி, போனாப் போவுது. பழசைக் குடுத்துட்டுப் புதுசு ஒண்ணு எடுத்துக்கிட்டுப் போ” என்று பெருந்தன்மை காட்டினார். படித்த மனிதர் ஒருவரிடம் யோசனை கேட்டார். “பச்சைப் பிள்ளையை அதிலே உட்கார வைத்தது உன் தப்பு. கேஸ் போட்டால் உன் மேல்தான் திரும்பும்” என்று அவர் பயமுறுத்தி அனுப்பினார். ஊர்ப் பெரியவர் ஒருவர், “பிள்ளைக்கு நேரம் சரியில்லை, கோயிலுக்கு வேண்டிக்கோ” என்றார்.

எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு அந்தத் தோழர் நம்மைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்: “தோழர், சேலையிலே நாலு இழை விட்டுப் போனாலும் முதலாளி அன்னிக்கே என் கூலியிலே பிடிச்சிக்கிறாரு. இந்தச் சீட்டைச் செஞ்சவன் கூலியிலே யாரு பிடிக்கிறது?”

இந்த ஒரு கேள்விக்காகவே இந்தக் கட்டுரை.

பழுதுக்குப் பொறுப்பு யாருக்கு?

நெசவாளிக்குத் தெரியும், பழுது என்றால் என்ன என்று. பட்டுச் சேலையை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, இழை இழையாகப் பார்ப்பார்கள். கறை இருந்தால் பிடித்தம். கரை கோணினால் பிடித்தம். பாவு மட்டமாக இருந்ததா, சாயம் மோசமா, மழைக் காலத்து ஈரமா என்று யாரும் கேட்பதில்லை. “உன் கையிலிருந்து வந்தது, நீதான் பொறுப்பு” என்பதுதான் சட்டம். ஆலைத் தொழிலாளிக்கும் இதே கதைதான். விவசாயத் தொழிலாளிக்கும் அப்படியே. நடவில் நாலு இடம் விட்டுப் போயிருந்தால் மாலையில் கூலி கொடுக்கும்போது பேச்சு வரும்.

ஆனால் அதே முதலாளி வர்க்கம் ஒரு நாற்காலியைச் செய்து விற்று, அது உடைந்து, ஒரு குழந்தையின் கை முறிந்தால்? அப்போது மட்டும் பழுது என்ற சொல்லே காணாமல் போகிறது! ‘அஜாக்கிரதை’ என்ற சொல் வருகிறது. ‘தலைவிதி’ என்ற சொல் வருகிறது. பெற்றோர் தலையிலோ கடவுள் தலையிலோ பழி விழுகிறது. சரக்கைச் செய்து லாபம் எடுத்தவன் தலையில் மட்டும் விழுவதில்லை.

பெற்றோரின் அஜாக்கிரதை என்று சொல்லும் கனவான்களுக்கு 2012-ஆம் ஆண்டை ஞாபகப்படுத்துகிறோம். அந்த ஆண்டு ஜூலை 25-ஆம் தேதி, சென்னையை அடுத்த சேலையூரில் ஒரு தனியார் பள்ளியில் படித்த 6 வயதுச் சிறுமி பள்ளி பஸ்ஸில் வீடு திரும்பிக்கொண்டிருந்தாள். பஸ்ஸின் தரையில் ஓட்டை! அந்த ஓட்டை வழியே சாலையில் விழுந்து, அதே பஸ்ஸின் சக்கரத்தில் சிக்கி மாண்டாள். அங்கே பெற்றோரின் அஜாக்கிரதை எங்கே இருந்தது? கட்டணம் கட்டினார்கள், பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். அந்த பஸ் ஓடத் தகுதியானது என்று சான்று கொடுக்க ஓர் இலாகா இருந்தது. அப்படியும் தரையில் ஓட்டை இருந்தது, குழந்தை போனாள். தமிழகமே கொதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகுதான் அந்த ஆண்டிலேயே பள்ளி பஸ்களுக்கென்று தனி விதிகள் தமிழகத்தில் வந்தன. ஒரு குழந்தையின் பிணத்தின் மேல் நின்றுதான் அந்த விதிகள் எழுதப்பட்டன என்பதை மறக்கக் கூடாது.

இது தற்செயலா, கணக்கா?

“எந்தச் சரக்கிலும் எப்போதாவது ஒன்று தவறத்தான் செய்யும்” என்று இன்னொரு சமாதானம் சொல்வார்கள். சில தவறுகள் தற்செயல்தான். ஆனால் பல தவறுகள் காகிதத்தில் கணக்குப் போட்டுச் செய்யப்படுபவை. இதற்கு முதலாளித்துவத்தின் தலைநகரமான அமெரிக்காவிலிருந்தே சாட்சி தருகிறோம்.

அங்கே போர்டு கம்பெனி ‘பின்டோ’ என்ற காரை விற்றது. பின்னால் இடித்தால் பெட்ரோல் தொட்டி உடைந்து தீப்பிடிக்கும் அமைப்பு. 1972-ல் கலிபோர்னியாவில் அப்படித் தீப்பிடித்த ஒரு காரில் ஓட்டிய பெண்மணி இறந்தார். கூடப் பயணம் செய்த 13 வயதுச் சிறுவன் உடல் கருகி உயிர் தப்பினான். 1973-ல் அந்தக் கம்பெனியில் தயாரான ஒரு கணக்குக் காகிதம் பின்னால் வெளிவந்தது. எண்ணெய் கசிந்து தீப்பிடிப்பதைத் தடுக்க வண்டி ஒன்றுக்கு 11 டாலர் செலவு. செத்துப்போகும் மனிதன் ஒருவனுக்கு 2 லட்சம் டாலர் விலை. இரண்டையும் பெருக்கிக் கூட்டிப் பார்த்தால் சரிசெய்யும் செலவுதான் அதிகம்! அந்த 2 லட்சம் என்ற விலையும் அந்நாட்டு அரசாங்க இலாகா போட்டுக் கொடுத்ததுதான். கம்பெனியும் சர்க்காரும் சேர்ந்து மனித உயிருக்கு விலைச் சீட்டு ஒட்டிய லட்சணம் இது.

அந்தச் சிறுவன் வழக்குப் போட்டான். 1978-ல் ஜூரிகள் கம்பெனிக்கு 12.5 கோடி டாலர் தண்டனைத் தொகை விதித்தார்கள். நீதிபதி அதை 35 லட்சம் டாலராக வெட்டினார். 1981-ல் மேல் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. வெட்டிய பிறகும் அந்தத் தீர்ப்பு ஒன்றைச் சொன்னது: தெரிந்தே பழுதான சரக்கை விற்றால் கணக்குப் புத்தகம் உன்னைக் காப்பாற்றாது.

அது பழங்கதை என்பார்களா? 2020 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றக் கீழ்ச்சபையின் ஒரு துணைக்குழு, காரில் குழந்தைகளை உட்கார வைக்கும் நாற்காலிகளைப் பற்றி அறிக்கை கொடுத்தது. பெரிய கம்பெனிகள் ‘பக்கவாட்டு மோதல் சோதனையில் தேறியது’ என்று விளம்பரம் செய்தன. அந்தச் சோதனை யார் வைத்தது? அவர்களே வைத்தது! ஒரு கம்பெனியின் சோதனையில், பொம்மைக் குழந்தை நாற்காலியை விட்டுத் தூக்கி எறியப்பட்டாலோ நாற்காலியே பிளந்தாலோ தவிரத் தோல்வி என்பதே கிடையாது. தானே பரீட்சை வைத்து, தானே எழுதி, தானே மார்க் போட்டுக்கொள்ளும் மாணவன் எப்படித் தோற்பான்?

கோடீசுவரக் கம்பெனிகளின் காரியம் இது என்றால், பெயரும் விலாசமும் இல்லாத பட்டறையில் அவசரமாகப் பற்றவைத்து, போளூர்ச் சந்தைக்கு வந்து சேருகிற இரும்பு நாற்காலியின் யோக்கியதையைச் சொல்ல வேண்டுமா?

சட்டம் யாரைப் பிடிக்கிறது?

நம் நாட்டில் குழந்தைகளின் பாதுகாப்புக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் 194-பி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையை வாரோ குழந்தை நாற்காலியோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் ரூ. 1,000 அபராதம். 2022 பிப்ரவரியில் இன்னொரு விதி. இரு சக்கர வண்டியில் 4 வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஏற்றினால், ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் வார் வேண்டும். குழந்தைக்கு ஹெல்மெட் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. அந்த வார் 30 கிலோ எடையைத் தாங்க வேண்டும் என்றும் விதியில் எழுதியிருக்கிறது.

நல்ல விதிகள்தான். நாம் எதிர்க்கவில்லை. குழந்தைக்கு வார் கட்டுங்கள், ஹெல்மெட் போடுங்கள் என்று நாமும் சொல்கிறோம். ஆனால் ஒரு கேள்வி. வார் கட்டாத தகப்பனைச் சாலையில் நிறுத்தி அபராதம் போட ஆள் இருக்கிறது. அறுந்துபோகும் வாரை விற்றவனைக் கடையில் போய்ப் பிடிக்க ஆள் எங்கே? தகப்பனுக்கு அபராதம் அன்றைக்கே. உற்பத்தி செய்தவனுக்கு நாம் வழக்குப் போட்டால்தான்!

சரி, வழக்குப் போடுவோம். அதற்கு வழி இருக்கிறதா? இருக்கிறது. இதைத்தான் நம் ஜனங்களிடம் யாரும் சொல்வதில்லை.

கையில் இருக்கும் ஆயுதம்

2019-ல் நிறைவேறி 2020 ஜூலை 20 முதல் அமலில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 82 முதல் 87 வரையுள்ள பிரிவுகள், பழுதான பொருளால் உடலுக்குக் கெடுதல் வந்தால் யார் நஷ்டஈடு கொடுப்பது என்பதைச் சொல்கின்றன. எளிய தமிழில் எழுதுகிறோம். வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

உற்பத்தி செய்தவன் எப்போது பொறுப்பாளி? செய்யும்போது பழுது ஏற்பட்டிருந்தால். பொருளின் அமைப்பே கோளாறாக இருந்தால். சொன்ன அளவுப்படி செய்யாவிட்டால். கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒத்து வராவிட்டால். எப்படிப் பயன்படுத்துவது, என்ன அபாயம் என்ற எச்சரிக்கையைச் சரியாகக் கொடுக்காவிட்டால். இந்த ஐந்தில் ஒன்று போதும்.

விற்றவன் எப்போது பொறுப்பாளி? அவன் பொருளை மாற்றியமைத்திருந்தால். மாட்டிக் கொடுப்பதிலும் பார்த்துக் கொடுப்பதிலும் தக்க கவனம் எடுக்காவிட்டால், அதனால் கெடுதல் வந்தால். தானாக ஓர் உத்தரவாதம் கொடுத்து அது பொய்த்துப்போனால். இன்னொன்று மிக முக்கியம்: செய்தவன் யார் என்றே தெரியாவிட்டால், விற்றவன் பதில் சொல்ல வேண்டும்! பெயர் இல்லாச் சரக்கை மலிவாக வாங்கி விற்று லாபம் பார்க்கும் வியாபாரி, “எனக்கென்ன தெரியும், டெல்லிச் சரக்கு” என்று கையை விரிக்க முடியாது.

யார் வழக்குப் போடலாம்? பொருளை வாங்கியவர் மட்டுமல்ல, அவர் சம்மதத்தோடு அதைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோரே. குழந்தைக்காகத் தாயோ தகப்பனோ மனுப் போடலாம்.

எங்கே போடுவது? நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். நமக்குத் திருவண்ணாமலை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் பதில் சொல்ல அவன்தான் இங்கே வர வேண்டும். நாம் அவன் ஊருக்குப் போக வேண்டியதில்லை.

கட்டணம் எவ்வளவு? பொருளுக்கு நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே கிடையாது. கேட்கிற நஷ்டஈட்டுத் தொகை இதற்குக் கணக்கல்ல, கொடுத்த விலைதான் கணக்கு. 850 ரூபாய் நாற்காலிக்கு ஒரு காசும் கட்ட வேண்டாம். வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

எத்தனை நாளுக்குள்? இரண்டு வருஷத்துக்குள். “அப்புறம் பார்க்கலாம்” என்று கடைக்காரரும் கம்பெனி ஆளும் இழுத்தடிப்பது இந்தக் கெடுவைத் தாண்ட வைக்கத்தான். ஏமாறாதீர்கள்!

சாட்சியம் யார் கையில்?

வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் முதல் இரண்டு நாட்களில் தீர்மானமாகிறது. ஆகவே கவனியுங்கள்.

முதலில் வைத்தியம். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சையைப் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் இலவசமாகத் தரும் திட்டம் தமிழகத்தில் 2021 டிசம்பர் முதல் இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். என்கிறார்களே அதில், என்ன நடந்தது என்று சரியாக எழுதச் சொல்லுங்கள். ‘வண்டியிலிருந்து விழுந்தான்’ என்று எழுதினால் ஒரு வழக்கு; ‘நாற்காலி உடைந்து விழுந்தான்’ என்று எழுதினால் வேறு வழக்கு.

இரண்டாவது, உடைந்த பொருளைக் கையை விட்டு விடாதீர்கள்! அதுதான் முதல் சாட்சி. “பழசைக் கொடு, புதுசு தருகிறேன்” என்பது தர்மமல்ல, சாட்சியை அழிக்கும் தந்திரம். நம் நெசவாளித் தோழர் கொடுத்துவிடத்தான் இருந்தார். அவர் மனைவிதான் தடுத்திருக்கிறார். உடைந்த நாற்காலியைத் தறிக்குழி ஓரத்தில் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறார். அந்தத் தாயின் கையில் நாம் பார்த்த சாக்குப் பை அதுதான். எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தாய்க்கு இருந்த சட்ட ஞானம் அந்தப் படித்த கனவானுக்கு இல்லாமல் போயிற்று!

மூன்றாவது, பட்டறையில் கொடுத்து மீண்டும் பற்றவைக்காதீர்கள். பொருளை மாற்றினாய், முறைகேடாகப் பயன்படுத்தினாய் என்று சொல்லி விற்றவன் தப்பிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. முறிந்த இடத்தை அப்படியே படம் எடுத்து வையுங்கள். அட்டைப்பெட்டி, ஒட்டுச் சீட்டு எல்லாம் சேர்த்து வையுங்கள்.

நான்காவது, ரசீது இல்லையென்றால் எல்லாம் போயிற்று என்று நினைக்காதீர்கள். கைபேசியில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவு, கூட வந்தவரின் சாட்சி, கடைக்காரரோடு நடந்த பேச்சு, எல்லாம் உதவும். ஆனால் இனிமேல் 50 ரூபாய்ச் சாமான் வாங்கினாலும் ரசீது கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

பொருளைச் சோதனைச் சாலைக்கு அனுப்பிப் பார்க்கவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பழுதை நிரூபிக்க நீங்கள் இன்ஜினீயர் ஆக வேண்டியதில்லை.

வேறொரு வண்டி வந்து மோதிக் குழந்தைக்குக் காயமானால் அது தனி வழி. அதற்கு மோட்டார் விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய வேண்டும். 2022 ஏப்ரல் முதல் அதற்கு ஆறு மாதம் கெடு வைத்திருக்கிறார்கள். யார் தப்பு என்று நிரூபிக்காமலே, சாவுக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் கேட்கும் 164-ஆம் பிரிவும் இருக்கிறது.

வக்கீலுக்குப் பணம் இல்லையா? 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12-ஆம் பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்கள், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு இலவச வக்கீல் உண்டு. போளூர் வட்ட சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். அடிபட்ட குழந்தையின் பெயரிலேயே கேளுங்கள்.

நாற்காலியே இல்லாத குழந்தைகள்

இதுவரை சொன்னது நாற்காலி வாங்க முடிந்தவன் கதை. அதையும் வாங்க வழியில்லாதவன் பிள்ளை எதில் போகிறது? நடவுக்கும் அறுப்புக்கும் போகும் விவசாயத் தொழிலாளிப் பெண் தன் கைக்குழந்தையோடு லோடு வண்டியில் நின்றுகொண்டு போகிறாள். ஆடி மாதம் படவேட்டு அம்மனைப் பார்க்கப் போகும் குடும்பம் குட்டியானையில் நெருக்கியடித்துக்கொண்டு போகிறது. ஆசையால் அல்ல, போகும் நேரத்துக்கு பஸ் இல்லாததால்.

2022 ஏப்ரல் 2-ஆம் தேதி நினைவிருக்கிறதா? நம் ஜவ்வாது மலையின் அந்தப் பக்கம், திருப்பத்தூர் மாவட்டம் செம்பரை மலைக் கோயிலுக்கு மலை ஜனங்கள் ஏறிப் போன வேன் பள்ளத்தில் உருண்டது. பெண்களும் சிறுபிள்ளைகளுமாக 11 பேர் மாண்டார்கள்.

சரக்கு வண்டியில் ஏறிப்போய் அடிபட்டால் சட்டம் என்ன சொல்கிறது? 2002 டிசம்பரில் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: சரக்கு வண்டியில் சும்மா ஏறிப்போகும் ஆளுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல, வண்டிச் சொந்தக்காரனிடம் வாங்கிக்கொள். வண்டிச் சொந்தக்காரனோ தவணை கட்ட முடியாமல் தவிக்கிறவன்! பிறகு 2017-லும் 2018-லும் சில வழக்குகளில், “முதலில் கம்பெனி கொடுக்கட்டும், பிறகு சொந்தக்காரனிடம் வசூல் செய்து கொள்ளட்டும்” என்று அதே நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. இப்படிப்பட்ட வழக்கில் இந்த உத்தரவை வக்கீலிடம் சொல்லிக் கேட்க வேண்டும்.

இன்னொரு அநியாயம் பாருங்கள். 1994-ல் மோட்டார் சட்டத்தில் சேர்த்த அட்டவணை, சம்பாத்தியம் இல்லாத ஒருவரின் வருமானத்தை ஆண்டுக்கு 15,000 ரூபாய் என்று வைத்தது. பல வருஷம் குழந்தைகளின் உயிரை இந்தத் தராசில்தான் நிறுத்தார்கள். 2013-ல் டிராக்டரில் போய் இறந்த 10 வயதுப் பையனின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை 30,000 ஆக்கியது. 2020-ல் உடல் முடங்கிப்போன 12 வயதுச் சிறுமியின் வழக்கில், தேர்ச்சி பெற்ற தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலியைக் கணக்காக எடுத்து, மொத்தம் 62 லட்சத்துக்கும் மேல் கொடுக்கச் சொன்னது. ஆகவே, “பிள்ளைக்கென்ன பெரிய தொகை வரும்? 20,000 வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடு” என்று வரும் புரோக்கர்களை வாசலிலேயே நிறுத்துங்கள்!

காகிதச் சட்டம் கையில் வருமா?

தோழர்கள் கேட்கலாம்: “இவ்வளவு சட்டம் எழுதுகிறீரே, இதெல்லாம் ஏழைக்கு நடக்குமா?” நியாயமான கேள்வி.

தானாக நடக்காது. மூன்று மாதத்தில், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில், நுகர்வோர் வழக்கை முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் ஆணையங்களில் நாற்காலிகள் காலியாகக் கிடந்ததால் 2021-ல் உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து விசாரிக்க நேர்ந்தது. 2004 ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் கருகினார்கள். தஞ்சை நீதிமன்றத் தீர்ப்பு வர 2014 ஜூலை ஆயிற்று. ஏழைப் பிள்ளைகளின் வழக்கு எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதற்கு இது போதும்.

சட்டம் முதலாளித்துவச் சமுதாயத்தின் சட்டம்தான். அதில் மயக்கம் வேண்டாம். ஒரு தீர்ப்பால் லாப வேட்டை நின்றுவிடாது. ஆனால், “அதனால் கோர்ட்டுப் பக்கமே போகாதே” என்று சொல்வதும் முதலாளிக்குச் சாதகமான பேச்சே! எட்டு மணி நேர வேலை, குறைந்தபட்சக் கூலி, பஞ்சப்படி எல்லாமே காகிதத்தில் வந்த பிறகும் சங்கம் நின்று பிடுங்கியதால்தான் கைக்கு வந்தன. இதுவும் அப்படித்தான். ஒற்றை ஆளாக ஆணையத்துக்குப் போனால் மூன்றாம் வாய்தாவில் கூலியிழந்து சோர்ந்து போவான். சங்கம் கூடப் போனால், ஒரு வாய்தாவுக்கு ஒரு தோழர் என்று முறை வைத்துக்கொண்டு கடைசி வரை நிற்க முடியும். ஒரே கடையில் ஒரே நாற்காலியை வாங்கிய பத்துப் பேரைத் தேடிக் கண்டுபிடிப்பது எந்த வக்கீலாலும் ஆகாது, சங்கத்தால் ஆகும்.

ஆகவே நாம் கோருவது:

1. வண்டியில் மாட்டும் குழந்தை நாற்காலி, வார், ஹெல்மெட் எதுவும் தர முத்திரையும், செய்தவன் பெயர் விலாசமும் இல்லாமல் கடையில் தொங்கக் கூடாது. அதிகாரிகள் தகப்பனைச் சாலையில் நிறுத்துவதற்கு முன் கடையில் சோதனை போட வேண்டும்.

2. பழுதான பொருளை ஊர் ஊராகத் திரும்ப எடுக்க உத்தரவிடும் அதிகாரம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்குச் சட்டத்தில் இருக்கிறது. அதைக் காகிதத்தில் வைத்திராமல் பயன்படுத்த வேண்டும்.

3. மாவட்ட நுகர்வோர் ஆணையம் மாதம் ஒரு நாளாவது போளூர், ஆரணி, செய்யாறு போன்ற ஊர்களுக்கு வந்து விசாரிக்க வேண்டும்.

4. வேலைக்குப் போகும் நேரத்திலும் திருவிழாக் காலத்திலும் கிராமங்களுக்கும் மலைக்கும் போதுமான அரசு பஸ் விட வேண்டும். பஸ் விடாத சர்க்காருக்கு, லோடு வண்டியில் ஏறியதாக ஏழையைக் குற்றம் சொல்ல யோக்கியதை இல்லை.

5. எந்த வண்டியில் போனாலும் அடிபட்ட குழந்தைக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் நஷ்டஈடு கொடுக்கும்படி சட்டத்தைத் திருத்த வேண்டும்.

தோழர்களே! தாய்மார்களே! அந்தச் சாக்குப் பை இப்போது நமது சங்க அலுவலக அலமாரியில் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. கடைக்கு நோட்டீஸ் போயிற்று. திருவண்ணாமலைக்கு மனுவும் போயிற்று. பையனின் கை சேர்ந்து வருகிறது; இன்னும் முழுதாக மடக்க வரவில்லை என்கிறாள் தாய். கடைக்காரர் இரண்டு முறை ஆள் விட்டுப் பார்த்தார். “புதுச் சீட்டு வேணாம், பதில் சொல்லச் சொல்லுங்க” என்று அந்தத் தாய் திருப்பி அனுப்பிவிட்டாள்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு குழந்தை இருக்கலாம். உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். உடைந்த சாமானைக் குப்பையில் எறியாதீர்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். சங்கத்துக்கு வாருங்கள்!

சேலையில் நாலு இழை விட்டால் நெசவாளி பொறுப்பு என்றால், பற்றவைத்த கம்பி விட்டால் முதலாளி பொறுப்பு! இந்த நியாயத்தை அவர்கள் ஒப்புக்கொள்ளும் வரை விடமாட்டோம்!